மேனாம்பேட்டு வீட்டு வாசலுக்குப் போட்ட கான்கிரீட்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் என்னிடம் கேள்வி கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில் "மேஸ்திரி, கலவை வந்துடுச்சு" என்பதற்கு மேல் யாரும் என்னிடம் பேசியதாக ஞாபகம் இல்லை. போன மாதம் ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அடுக்குமாடிக்குக் கீழ்த்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் சும்மா இருக்குமா, போய் நின்றேன். லாரியிலிருந்து குழாய் வழியாகக் கலவை பாய்கிறது. விசிறி மாதிரி சுற்றுகிற ஒரு இயந்திரம் தரையைத் தேய்த்துக்கொண்டே போகிறது. அங்கே வேலை பார்த்த சரவணன் முன்பு என்னிடம் இருந்தவன். டீ குடிக்கும்போது கேட்டான்.

"அண்ணாத்தே, உன் சர்வீஸ்லயே நீ போட்ட பெரிய வேலை இன்னா? நம்ம ஆளுங்க கேக்குறானுங்கோ."

மேம்பாலம் என்று சொல்வேன் என்று காத்திருந்தார்கள். மேம்பாலத்துக்கும் போட்டிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கனரக லாரி உள்ளே வந்து திரும்புகிற தளங்கள் போட்டிருக்கிறேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"மேனாம்பேட்ல ஒரு ஊட்டு வாசலு."

"வாசலா? கார் ஏத்துற ரேம்ப்பா?" என்று சரவணன் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரித்தவர்கள் படிக்கட்டும்.

ஆவடியில் ராணுவ வண்டிகள் நிற்கிற இடத்துக்குத் தளம் போடும்போது ஜல்லி சுமக்கப் போனவன் நான். ஜல்லி சுமந்து, கலவை கிண்டி, கரணை பிடித்து மேஸ்திரி ஆன கதை எல்லா மேஸ்திரிக்கும் ஒன்றுதான், அதை விட்டுவிடலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போட்ட கான்கிரீட் இறுகும்போது தானாகச் சூடாகும். நெருப்பு கிடையாது, வெயில்கூட வேண்டியதில்லை. முதல் முறை உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது, ஜுரம் அடிக்கிற குழந்தையின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. கூட இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். கடைசி வேலை வரைக்கும் அந்தப் பைத்தியம் எனக்குத் தெளியவில்லை.

மேஸ்திரியான பிறகு பூந்தமல்லி காண்ட்ராக்டர் காதர் பாயிடம்தான் நெடுங்காலம் இருந்தேன். ஒரு வேலை பாதியில் நிற்கும்போது பாய் நெஞ்சுவலியில் போய்விட்டார். இன்ஜினீயரிங் படித்துவிட்டு வீட்டில் இருந்த அவருடைய மகள் நசீமா வந்து கலவை மிக்ஸரை விற்றுவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பாயின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கையோடு அந்தப் பெண் எஸ்டேட்டில் நாங்கள் போட்டு முடித்திருந்த ஒரு கம்பெனித் தளத்துக்கு வந்து நின்றது. தளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டது. கோயிலுக்குள் போகிற மாதிரி. பிறகு ஒரு பக்கெட் தண்ணீரும் மக்கும் கேட்டது.

மக்கில் மொண்டு தளத்தின் நடுவில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறது. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். தண்ணீர் கொஞ்ச தூரம் போய், ஒரு தட்டளவு இடத்தில் தேங்கி நின்றது.

"அண்ணே, இங்க நிக்குது" என்றது. அவ்வளவுதான். குரல் உயரவில்லை, யார் செய்தது என்று கேட்கவில்லை, எழுந்து போய்விட்டது. திட்டியிருந்தால் நாங்களும் இரண்டு பேச்சுப் பேசிச் சமாளித்திருப்போம். திட்டாததால் அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடி போட்டோம்.

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு நசீமா மேடம். வயதில் என் மகளைவிடச் சின்னவர்தான். ரசமட்டம், டியூப் லெவல் எல்லாம் வைத்துப் பார்ப்பார், ஆனாலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஒரு வேலையையும் ஒப்புக்கொண்டது கிடையாது. வேலை முடிந்த பிறகு மட்டுமில்லை, தொடங்கும் முன்னாலும் ஊற்றுவார். இடத்தைப் பற்றி இடமே சொல்லட்டும் என்பது போல உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வைக்கு ஜல்லி கொட்டுகிற லாரிக்காரன்கூட இன்ஜினை அணைத்துவிடுவான்.

மேனாம்பேட்டு வேலை சாதாரணமாகத்தான் வந்தது. டேவிட் சார் என்பவர் ஆவடி தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எஸ்தரம்மா, ஒரே மகள் ரெபேக்கா. வீட்டு முன்னால் கேட்டிலிருந்து வராண்டா வரைக்கும் கார் ஏறி இறங்க ஒரு கான்கிரீட் பாதை இருந்தது. அதை அகலப்படுத்த வேண்டும், காருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டரும் போய் வர வேண்டும் என்றார் டேவிட் சார். நான் மனசுக்குள் இது நமக்கு இரண்டு நாள் வேலை என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

ரெபேக்காவுக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு, இரண்டு கால்களும் வராது. சக்கர நாற்காலியில்தான் வராண்டாவுக்கு வந்து எங்களுக்கு வணக்கம் சொன்னாள். முப்பது வயதை ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டரில் இயந்திர வரைபடம் போடுகிற படிப்பு படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கீழ்த்தளத்திலேயே ஆபீஸ், அங்கே அவளுக்கென்று ஒரு சக்கர நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார்கள். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வீட்டில் தயாராக நின்றது, ஓட்டவும் பழகிவிட்டாள். அடுத்த மாதம் சேர வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்குப் போவது ஒன்றுதான் பாக்கி.

அதுவரைக்கும் அவளை டேவிட் சார்தான் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைப்பார், திரும்பி வந்தால் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். அந்த வருஷம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்து, இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் அவர் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். எஸ்தரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்கள்: "மேஸ்திரி, இந்த வாசல் சரியாகலன்னா ஒண்ணு அவ வேல போவும், இல்ல இவரு போயிடுவாரு." பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான், ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் பக்கத்து வீடுகளின் சங்கடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை தெரு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். தெரு வளர்ந்துகொண்டே போகும், வீடு குழந்தையாகிவிடும். மழை வந்தால் தெருத் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வரும். வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். மற்றவர்கள் வாசலில் கொஞ்சம் கான்கிரீட்டைக் கொட்டி மேடு பண்ணிக்கொள்வார்கள். டேவிட் சார் வீட்டு வராண்டா, தெருவைவிட ஒரு முழத்துக்குமேல் கீழே கிடந்தது. வாசல் தரையோ அதைவிட இரண்டு படி பள்ளம்.

பழைய பாதையின் ஓரத்தைக் கொத்தியபோது நான் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக, கல்தோசையை அடுக்கி வைத்த மாதிரி அடுக்கடுக்காகக் கான்கிரீட். ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு நிறம், ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் செங்கல் துண்டு, மேலே இருந்ததில் எம்-சாண்ட்.

"யாரு சார் போட்டது?"

"நான்தான். ரோடு ஒசரும்போதெல்லாம் ஞாயித்துக்கிழமையில நானே கலந்து போட்டுடுவேன். இவளத் தூக்கிகினு போவும்போது கால் தடுக்கக் கூடாதுல்ல" என்றார் டேவிட் சார்.

வேலை சுத்தமில்லை. கலவை ஒரே சீராகவும் இல்லை. ஆனால் எத்தனை வருஷத்துத் தூக்கல் அதில் படிந்து கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ இடிப்புகள் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு மனுஷனை அடுக்கடுக்காகப் பார்த்ததில்லை.

நசீமா மேடம் வந்தார். கேட்டருகே செருப்பைக் கழற்றினார், பக்கெட் கேட்டார், மக்கில் ஊற்றினார். தண்ணீர் கேட்டிலிருந்து நேராக, குடுகுடுவென்று ஓடி வந்து வராண்டாப் படியில் முட்டி நின்றது. அவ்வளவு செங்குத்து. அதே சரிவில் பின்னால் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஏறினாலும், இறங்கும்போது வராண்டாச் சுவரில்தான் போய் நிற்கும். சரிவைக் குறைக்க வேண்டுமானால் பாதை நீளமாக வேண்டும். கேட்டுக்கும் வராண்டாவுக்கும் நடுவில் பத்தடிதான் இருக்கிறது. நீளத்துக்கு எங்கே போவது?

எனக்கு ஒரு யோசனை வந்தது. "மேடம், பக்கவாட்டுச் சந்து நீட்டா கீது. சமையக்கட்டுக் கதவுலேர்ந்து சந்து வழியா ரேம்ப்பு இஸ்துகினு வந்தா சும்மா அப்டியே வழுக்கிக்கினு போவும்."

சொன்னதுதான் தாமதம், எஸ்தரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அது மட்டும் வேணாம் மேஸ்திரி. ஸ்கூல்ல முன்னாடி படி இருக்குன்னு பின் கேட்டு வழியா கூட்டினு போனோம். கல்யாண மண்டபத்துல சமையக்காரங்க போற வழியா. கோயில்ல பாதர் ரூம் வழியா. எல்லா எடத்துலயும் என் பொண்ணு பின்பக்கமாவே போயி பின்பக்கமாவே வந்தா. அவ சொந்த ஊட்லேர்ந்து வேலைக்குப் போறதும் பின்பக்கமாத்தானா?"

டேவிட் சார் வேறு பக்கம் பார்த்தார். வராண்டாவில் இருந்த ரெபேக்கா அம்மாவைச் சமாதானம் செய்யவில்லை. படியில் முட்டி நின்ற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"தண்ணி வந்த வழியிலயே நானும் போவணுமா மேடம்?"

நசீமா மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். ரெபேக்கா கையை நீட்டி, கேட்டிலிருந்து காம்பவுண்டு சுவரின் உள்பக்கமாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு அந்த மூலையிலிருந்து வராண்டாவுக்கு இன்னொரு கோடு.

"பத்தடி நீளம்தான். ஆனா வீடு முப்பதடி அகலம் இருக்கே."

மேடம் எழுந்தார். சுவரோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வெறுங்காலோடு நடந்தார். திரும்பி நடந்தார். அகலப்படுத்தச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள், அந்த அகலத்தையே நீளமாக்கிவிட்டாள் இந்தப் பெண். கேட்டை நடுவிலிருந்து மூலைக்கு மாற்றினால், உள்ளே வந்ததும் சுவரை ஒட்டி மெதுவாக இறங்கிக்கொண்டே போய், மறு மூலையில் சமதளத்தில் திரும்பி, வராண்டாவுக்கு மட்டமாகவே வந்துவிடலாம். மலைக்குப் போகிற ரோடு அப்படித்தானே வளைந்து வளைந்து போகிறது! எனக்கு இதுகூடத் தோன்றவில்லையே என்ற வெட்கமெல்லாம் அப்போது வரவில்லை. அதிசயம்தான் வந்தது.

"ஆனா சார், காரு உள்ள வர முடியாது" என்றார் மேடம். "வாசல் முழுக்க இவங்க பாதைதான் இருக்கும்."

டேவிட் சார் அந்தக் காரை மகளுக்காகவே பழையதாகப் பார்த்து வாங்கி, துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காரு தெருவுல நிக்கட்டும் மேடம். தெருவுல நின்னுகினு இருந்த பொண்ணு உள்ள வரட்டும்" என்றார். உள்ளே கிடந்த பெண் தெருவுக்கு வரட்டும் என்பதை உணர்ச்சிவசப்பட்டதில் மாற்றிச் சொல்லிவிட்டார், ஆனால் யாரும் திருத்தவில்லை.

தெருவில் கார் நிற்பது எதிர்வீட்டு ஆட்டோ முருகேசனுக்குப் பிடிக்கவில்லை. "இன்னா நைனா, நானு ஆட்டோ வுடுற எடத்துல நீ காரைப் போட்டா நான் எங்க போறது? வேலூருக்கா?" என்று மறுநாள் காலையிலேயே சத்தம் போட்டார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களை முறைத்தபடி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கான்கிரீட் போடும் முன்னால் நசீமா மேடம் ஒன்று செய்தார், அது மாதிரி நான் எங்கேயும் பார்த்ததில்லை. எவ்வளவு சரிவு வைக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் மணல் மூட்டைகளை அடுக்கச் சொல்லி, மேலே சாரப் பலகைகளைப் போட்டு ஒரு சாய்தளம் கட்டச் சொன்னார். ரெபேக்காவைச் சக்கர நாற்காலியோடு அதில் இறக்கினோம்.

"ஸ்கூட்டர்லதான மேடம் போகப்போறேன்?" என்றாள் அவள்.

"ஸ்கூட்டர் ஒரு நாள் ரிப்பேராகும். அன்னைக்கு உன் கைதான்" என்றார் மேடம்.

முதல் தடவை ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கியது. "இன்னும் கொறைங்க" என்றாள். ஒரு மூட்டையை உருவினோம். சக்கரத்தை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி மேலே போனாள், நின்றாள், கையை விட்டாள். நாற்காலி மெல்லப் பின்னால் உருண்டது. "இன்னும்." மூட்டையிலிருந்து மணலைக் கொட்டி இன்னும் தாழ்த்தினோம். இறங்கும்போது விரல்களைச் சக்கரத்தில் லேசாக உரசவிட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். டேவிட் சார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "அப்பா, கைய எடுங்க. எனக்குக் கணக்கு தப்பிடும்" என்றாள். இப்படி ஏற்றி இறக்கி, மூட்டையை மாற்றி மாற்றி, மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் நடந்தது. கடைசியில் ஒரு முறை மேலே போய் நின்றாள், மூச்சு வாங்கவில்லை, சிரித்தாள்.

"இது."

மேடம் டேப்பை வைத்து உயரத்தையும் நீளத்தையும் அளந்தார். அளந்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏகாம்பரண்ணே, புக்ல இருக்கிறதும் இந்தப் பொண்ணு கை சொல்றதும் ஒண்ணா இருக்கு" என்றார் என்னிடம். அவர் குரல் தழுதழுத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். புத்தகம் எழுதியவன் எந்த ஊர்க்காரனோ தெரியாது, அவனும் யாரோ ஒருத்தர் கையைக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. பழைய அடுக்குகளை உடைத்த கற்களை வெளியே கொட்டவில்லை, புதுப் பாதைக்கு அடியிலேயே நிரவி, திமிசு போட்டு இறுக்கினோம். அது மேடம் சொன்னதில்லை, நான் செய்தது. டேவிட் சார் போட்டது வீணாகக் கூடாது என்று தோன்றியது. கேட் வாசலில் தெருவைவிட ஒரு விரல் உயரத்துக்குத் திமில் மாதிரி தூக்கிவிட்டு அங்கிருந்து சரிவைத் தொடங்கினோம், தெருத் தண்ணீர் அதைத் தாண்டி வரக்கூடாது. பாதைக்கும் வராண்டாவுக்கும் நடுவில் மிச்சமிருந்த பள்ளத்தை அப்படியே விட்டு, மழைநீர்க் குழிக்கு வழி பண்ணினோம். சுவரோரம் இருந்த எஸ்தரம்மாவின் மல்லிகைக் கொடி போயே ஆக வேண்டியிருந்தது. அவர்களே வந்து வெட்டினார்கள்.

கலவை லாரி அந்தத் தெருவில் திரும்பாது. மிக்ஸரை வைத்தே போட்டோம். கம்பி கட்டி, ஓரப்பலகை அடித்து, கேட்டுப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிப் போடாமல், கீழ் மூலையிலிருந்து மேல்நோக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம், சரிவில் அப்படித்தான் போட வேண்டும், இல்லையென்றால் கலவை வழிந்து கீழே தொந்தி விழும். வைப்ரேட்டரை விட்டு, மட்டப்பலகையால் இழுத்து, மரக் கட்டையால் தேய்த்தேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வாசல் தளம் என்றால் முகம் தெரிய வேண்டும், சிமெண்ட் பாலைத் தடவி வழவழவென்று இழைத்துக் கொடுத்தால்தான் மேஸ்திரிக்குக் கௌரவம். முதல் மழையில் வீட்டுக்காரரே வழுக்கி விழுவார், அது வேறு விஷயம். இங்கே கரணையையே எடுக்கவில்லை. ஈரம் லேசாக உறிஞ்சியதும் தென்னந்துடைப்பத்தைக் குறுக்கே, ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு வந்தேன். சக்கரம் பிடித்து ஏறுகிற மாதிரி மெல்லிசாகக் கோடுகள் விழுந்தன.

பாதிக்குமேல் கோடு போட்டுவிட்டேன். வானம் கறுத்தது. அம்பத்தூர் ஏரிப் பக்கமிருந்து மண்வாசனை வந்தது. எங்களிடம் இருந்த தார்ப்பாய் பாதிப் பாதைக்குக்கூடப் போதாது. புதுக் கான்கிரீட்டின் மேல் மழை அடித்தால் சிமெண்ட் கரைந்து ஜல்லி பல்லைக் காட்டும், கோடெல்லாம் போய்விடும். மறுபடி உடைத்துப் போட வேண்டியதுதான். அதற்குள் அவள் வேலையில் சேர வேண்டிய நாள் தாண்டிவிடும். முதல் சொட்டு என் கைமேல் விழுந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். வராண்டாவில் ரெபேக்கா இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னா மேஸ்திரி மசமசன்னு நின்னுகினு கீற? புடி!"

முருகேசன். தோளில் பெரிய சுருள். கல்யாண மண்டபத்து வாசலில் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பேனர், ஆட்டோவுக்கு உறை போட வைத்திருந்தது. பின்னாலேயே தெரு முழுக்க வந்தது. ஒருவர் வீட்டுக் காதுகுத்து பேனர், ஒருவர் வீட்டு மஞ்சள் நீராட்டு, கோயில் கூழ் ஊற்றுகிற பேனர், தலைவர்கள் கும்பிடுகிற பேனர். வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் அவற்றைத்தானே கூரையாகப் போட்டிருக்கிறார்கள்! ஓரப்பலகைகளின் மேல் சவுக்குக் கம்பைக் குறுக்கே வைத்து, கான்கிரீட்டில் படாமல் விரித்தோம். மழை கொட்டியது. காற்றில் பேனர் தூக்காமல் இருக்க ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, பாதையின் இரண்டு பக்கமும் தெருவே நனைந்தபடி நின்றது. நசீமா மேடம் ஒரு மாப்பிள்ளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். எவ்வளவோ கான்கிரீட்டுக்கு நான் காவல் நின்றிருக்கிறேன், ஒரு கான்கிரீட்டுக்கு ஊரே குடை பிடித்து அன்றுதான் பார்த்தேன்.

மழை விட்டதும் பேனரை விலக்கினோம். ஒரு கோடுகூடக் கலையவில்லை. நான் குனிந்து உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடு. ரெபேக்காவைக் கூப்பிட்டு, வராண்டாவின் ஓரத்திலிருந்து குனிந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவள் சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜல்லி சுமந்த வயதில் எப்படிப் பார்த்தேனோ அப்படி.

முருகேசன் பேனரை உதறிக்கொண்டே டேவிட் சாரிடம் சொன்னார்: "காரை இங்கயே போடு நைனா. நானு ஆட்டோவை அந்தாண்ட வுட்டுக்கிறேன். பாப்பா திரும்புறதுக்கு எடம் வோணும்ல."

சரிவில் தண்ணீர் தேங்காது என்பதால் பாத்தி கட்டி ஈரம் காக்க முடியாது. சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை ரெபேக்கா எடுத்துக்கொண்டாள். வராண்டாவில் உட்கார்ந்து குழாயால் காலையும் மாலையும் நனைத்தாள், மத்தியானமும் நனைத்தாள். "போதும்மா, அது மீன் இல்ல" என்று நான் கேலி செய்தேன். சாக்கை எடுத்த அன்று மேடம் வந்து மக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சுவரோரமாகச் சோம்பேறி மாதிரி மெதுவாக இறங்கி, பாதி வழியிலேயே பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, குழிக்குப் போய்விட்டது. வராண்டா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் வேலைக்குச் சேர்கிற அன்று காலையில் நானும் மேடமும் போய் நின்றோம். எங்கள் தொழிலில் இது வழக்கமே கிடையாது, போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ரெபேக்கா வராண்டாவில் நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்குத் தானே மாறிக்கொண்டாள். வண்டி மட்டமாக மூலைக்குப் போனது, திரும்பியது, சுவரோரமாக ஏறத் தொடங்கியது. டேவிட் சார் பக்கத்திலேயே நடந்தார், இரண்டு கையும் நீட்டியபடி. தொடவில்லை. கேட்டில் திமிலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். வண்டி தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. டேவிட் சார் மட்டும் நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் உள்ளிருந்து எஸ்தரம்மாவின் குரல். "ஐயோ, சாப்பாட்டு டப்பாவ வுட்டுட்டுப் போயிட்டாளே!"

டேவிட் சார் கார் சாவியை எடுக்க ஓடினார். அதற்குள் தெருவில் ஹாரன் சத்தம். ரெபேக்கா திரும்பி வந்தாள். திமிலில் ஏறி, சுவரோரமாக நிதானமாக இறங்கி, மூலையில் திரும்பி, வராண்டாவில் வந்து நின்றாள். கையை நீட்டினாள். எஸ்தரம்மா டப்பாவைக் கொடுத்துக்கொண்டே பொரிந்து தள்ளினார்கள்.

"பொறந்ததுலேர்ந்து ஒரு கர்சீப்பு மறந்திருப்பியாடி நீ? மொத நாளே உனக்கு நெனப்பு எங்க போச்சு?"

உண்மைதான், ஒரு முறை வெளியே தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்த பிறகு, மறந்துவிட்டேன், மறுபடி தூக்குங்கள் என்று எப்படிச் சொல்வாள்? அவள் எதையும் மறந்ததே இல்லையாம். ரெபேக்கா டப்பாவை வண்டியில் மாட்டிக்கொண்டாள். மறுபடி ஏறி வந்தாள். கேட்டருகே என் பக்கத்தில் வண்டி நின்றது.

"மறக்கல அங்கிள்" என்றாள், அம்மாவுக்குக் கேட்காதபடி. "வேணும்னேதான் வச்சிட்டுப் போனேன். மறந்துட்டுத் திரும்பி வர்றது எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"எப்டிம்மா கீது?" என்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு கொடைய மறக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, எஸ்டேட் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.